கட்டடம் மட்டும் கல்லூரியாகுமா?

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞருக்கு மேலை மருத்துவம் பயிற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் தந்தார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேயாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமோ 1978இல் தொடங்கிற்று.

இத்தகைய மரபுக்குரிய நாம் ஒன்றை மறத்தலாகாது. ஆய்வுகூடமற்ற மருத்துவக் கல்வி ஏட்டுச் சுரைக்காயே.

மலேரியாவை இலங்கை ஒழித்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெருமைக்குரியதே. ஆயினும், பிறநாடு சென்று மீள்வோருடன் அந்நோய் மீளவும் வரக்கூடும். அதைப் பரப்பும் நுளம்பும் இங்குண்டு. வாட்டில் அந்நோயாளரைக் காண்பதே அரிதான மாணவன் அதனை எங்கே கற்பான்? சாயமூட்டிய இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தானே தேடிக் கற்றல் வேண்டும். பலர் கூடி ஒரு கருவியை எட்டிப் பார்த்துச் செல்வது பயிற்சியாகாது.

ஆகவே, எங்கெல்லாம் மருத்துவ பீடம் அமைகின்றதோ அங்கெல்லாம் மாணவர் தொகைக்கேற்ற கருவிகள் வேண்டும். அவற்றைப் பேணும் தொழில்நுட்பவியலாளர் வேண்டும். சாயப்பொருளும் கண்ணாடித் தகடும் வாங்க ஆண்டுதோறும் நிதி வேண்டும். கருவியை வாங்கிப் பூட்டி வைத்தல், வரம்பு கட்டி நீர் பாய்ச்சாது விட்ட வயலையே ஒக்கும்.

சேற்று வயலில் நின்ற உழவன் காய்ச்சலுடன் வருகின்றான். எலிக்காய்ச்சலா, டெங்குவா, மலேரியாவா? காலந்தாழ்த்தாது ஐயுறவும், உரிய சோதனையைச் செய்வித்து அதன் முடிவை உணரவும் வல்ல மருத்துவனே அவன் உயிரைக் காப்பான். அவ்வல்லமை விளையும் நிலம் ஆய்வுகூடம். அதற்கு நிதி ஒதுக்குமாறு அரசிடம் கேட்பது சலுகையன்று. வரி செலுத்தும் மக்களின் உரிமை.