பழைய டிராக்டருக்கு லோடர் வாங்கும் முன் ஒரு கணக்கு



போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவர் ஒருவர் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்திருந்தார். மேலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையோரம் பூவனும் ஏலரிசியும் போட்டிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய மாசி பெர்குசன் 1035 இன்னும் ஓடுகிறது. வேறு கம்பெனியின் 50 குதிரைத்திறன் டிராக்டரிலிருந்து கழற்றிய லோடர் ஒன்று மலிவாக வருகிறதாம். "சார், துளைதான் பொருந்தாது. பட்டறையில் பிராக்கெட்டை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டார். லால்குடியிலிருந்து என் தங்கை மகனும் இதையேதான் போனில் கேட்டான். அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோடர் பொருத்துவது தப்பில்லை. எரு அள்ள, ஏரி வண்டலை ஏற்ற, தார் வெட்டிய பிறகு வாழைத் தண்டுகளை ஒதுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் துளை பொருந்திவிட்டால் லோடர் பொருந்திவிட்டது என்று நினைப்பது தப்பு. பார்க்க வேண்டியது எடையை.

லாரிக்கு இருப்பது போல இந்த டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் ஆக்ஸில் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கியவை. அந்த வார்ப்பிரும்புக் கூடுகள்தான் வண்டியின் முதுகெலும்பு. போதாததற்கு, பெர்குசன் வகை டிராக்டர் பின்னால் கலப்பை மாட்டி இழுப்பதற்காக யோசித்துச் செய்தது. கலப்பை இழுபடும்போது பின் சக்கரத்துக்கு எடை கூடும், பிடிமானம் கிடைக்கும். லோடர் செய்வது நேர் எதிர். எடையை முன்னால் கொண்டுபோய்ப் பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோல் நடத்தியது நினைவிருக்கிறதா? அந்தக் கணக்குதான். பக்கெட்டில் 500 கிலோ ஈர மண், முன் ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 2 மீட்டர் என்று கொள்வோம். முன் ஆக்ஸில்தான் தாங்குபுள்ளி. 500ஐ 1.5ஆல் பெருக்கினால் 750. அதை 2ஆல் வகுத்தால் 375. அதாவது பின் சக்கரத்தில் 375 கிலோ குறைகிறது. முன் ஆக்ஸிலில் கூடுவது 500 அல்ல, 875 கிலோ. லோடரின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. பழைய கிங் பின்னும் பேரிங்கும் முன் டயரும் இதைத் தாங்குமா? பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் திருப்ப முடியுமா? அதைவிட முக்கியம், இந்த டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். அங்கே எடை குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது.

இதற்கு மருந்து பின்னால் கட்டும் எடை. பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 400 கிலோ கான்கிரீட் கட்டையை மாட்டினால் முன்பக்கம் 200 கிலோ குறையும், பின்பக்கம் 600 கிலோ கூடும். மலிவான வேலை. ஆனாலும் பலர் செய்வதில்லை.

இரண்டாவது, பிராக்கெட். லோடரின் சட்டம் வண்டியின் இரு பக்கமும் ஓடிப் பின் ஆக்ஸில் கூடு வரை போய்ப் பிடிக்க வேண்டும். முன்னால் மட்டும் பிடித்தால் ஒவ்வொரு குத்தலும் எஞ்சினும் கிளட்ச் கூடும் சேரும் இடத்தைத்தான் பிளக்கும். வார்ப்பிரும்பில் விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங் நிற்காது. நன்றாகச் சூடேற்றி, அதற்குரிய ராடு போட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். திருச்சியில் இதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெல் வந்த பிறகு துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் எத்தனை பட்டறைகள்! வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் இது. கொதிகலனுக்கு ஒட்டிப் பழகிய கை இங்கே உண்டு. நாம்தான் அந்தக் கையைத் தேடாமல் நூறு ரூபாய் குறைவாகக் கேட்பவரிடம் போகிறோம். போல்ட்டும் அப்படித்தான். தலையில் 8.8 என்று பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ஹைட்ராலிக். இந்த வகைப் பழைய வண்டியின் பம்ப், கியர் பெட்டி எண்ணெய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பின் லிப்டைத் தூக்கும் அளவுக்குத்தான் எண்ணெய் தள்ளும். லிப்ட் தன் எடையால் தானே இறங்கும். லோடருக்கு ஏற்றவும் இறக்கவும், பக்கெட்டைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் எண்ணெய் அழுத்தம் வேண்டும். எஞ்சின் முன்புறத்திலிருந்து ஓடும் தனிப் பம்ப், தனித் தொட்டி, தனி வால்வு போடுவதுதான் சரி. விலை பேசும்போது இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். மலிவு என்று சொன்னது அப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு வீட்டில் இப்படித்தான் வேறு வண்டியின் லோடரை மாட்டினார்கள். பின்னால் எடை கட்டவில்லை. பக்கெட்டைத் தூக்கியபடியே வாய்க்கால் கரையில் திரும்பியபோது வண்டி சாய்ந்துவிட்டது. முன் ஆக்ஸில் நடுவில் ஒரே முளையில் ஆடுவது. அந்த முளையும் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்த முக்கோணத்துக்குள் எடை இருக்கும் வரைதான் வண்டி நிற்கும். எடை முன்னால் போகப் போக அந்த முக்கோணம் குறுகிக்கொண்டே போகிறது. ஓட்டியவர் வண்டிக்குச் சொந்தக்காரர் அல்ல, தினக்கூலிக்கு வந்தவர். இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். லாபக் கணக்குப் போட்டது ஒருவர், இடுப்பு உடைந்தது இன்னொருவருக்கு. பல வருடம் கரும்பலகையில் நெம்புகோல் வரைந்தவன் நான். அந்த லோடரை மாட்டிய நாளில் நானும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் அந்த மாணவரிடம் மூன்று வேலை சொல்லி அனுப்பினேன். முதலில் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பார். பிறகு பின் சக்கரங்களை மட்டும். அடுத்து லோடரின் எடையையும் நீளத்தையும் அளந்து மேலே சொன்ன கணக்கைப் போடு. மூன்றாவது, ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. மூன்றும் சரியாக வந்தால் பொருத்து. வராவிட்டால் வருடத்தில் சில நாள் வேலைக்கு மணி வாடகை வண்டியே போதும். அப்பா வைத்துவிட்டுப் போன டிராக்டர் உழவுக்கு இருக்கட்டும்.

பொருத்துவதென்றால் 500 கிலோவுக்குச் செய்த பக்கெட்டைப் பாதி அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கிவிடு என்றும் சொன்னேன். பெரிய பக்கெட் கண்முன் இருந்தால் யாரும் பாதியோடு நிறுத்த மாட்டார்கள். பக்கெட் தரையை ஒட்டியே போகட்டும். தூக்குவது டிப்பர் அருகே மட்டும்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எடை பார்த்துவிட்டு வரட்டும், கணக்கை நானே திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்