கிளி எடுத்த சீட்டு... டாரட் கார்டு... பதில் யாரிடம் இருக்கிறது?

"பேரு சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டுக் கூண்டுக் கதவை விரலால் தூக்குவார் ஜோசியர். பச்சைக்கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கி வைத்த சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, ஏதோ ஒன்றை மட்டும் இழுத்துக் கொடுக்கும். கூலியாக ஒரு நெல். அதைக் கொத்திக்கொண்டு மறுபடி கூண்டுக்குள் போய்விடும். சீட்டைப் பிரித்தால் முருகன் இருப்பார், மாரியம்மன் இருப்பாள், வேளாங்கண்ணி மாதாவும் இருப்பார். கையில் கிளியோடு நிற்கும் மீனாட்சியின் ஊர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இப்போது மரத்தடியும் இல்லை, கிளியும் இல்லை. மொபைலைத் திறந்தால் ரீல்ஸில் ஒருவர் சீட்டைக் கலைத்துப் போட்டு, "மூணுல ஒண்ணை மனசுக்குள்ள நெனச்சுக்கங்க" என்கிறார். டாரட் கார்டு! என் வயசுக்காரர்கள் பலர் இதை ஜோசியம் என்று சொல்வதில்லை. "என்னை நானே புரிஞ்சுக்கப் பார்க்கிறேன்" என்கிறார்கள். அது நடக்குமா என்பதுதான் இந்த வாரப் பேச்சு. எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். சொல்லாது.

மேலூரில் எனக்கு ஒரு தோழி. 26 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. போவதா, வேண்டாமா? இன்ஸ்டாகிராமில் டாரட் பார்க்கும் ஒருவரிடம் 300 ரூபாய் கொடுத்துக் கேட்டாள். "போகலாம்" என்று வந்தது. மனசு கேட்காமல் இன்னொருவரிடம் 500 ரூபாய். "இப்போ வேண்டாம், தடை இருக்கு" என்றார் அவர். மூன்றாவது ஆள், தடை நீங்கப் பரிகாரம் செய்ய 3,000 ரூபாய் ஆகும் என்றபோதுதான் எனக்கு போன் வந்தது.

"ஏன்டி, ஒரே கேள்விக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல எதை நம்புறது?"

பரிகாரப் பணத்தை மட்டும் அனுப்பிவிடாதே என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மேலூருக்குப் போனேன். பையில் ஆபீஸில் இரவல் வாங்கிய ஒரு டாரட் சீட்டுக்கட்டு.

அந்தக் கட்டின் கதையே சுவாரஸ்யமானது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பணக்கார வீடுகளில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம்தான் டாரட். நம் வீட்டுத் திண்ணைகளில் துருப்புச் சொல்லி ஆடுகிறோமே, அந்த வகை ஆட்டம். அதை வைத்துக் குறி பார்க்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது அதற்கு 300 வருடங்கள் கழித்து, பிரான்ஸில். 'இது பழங்கால எகிப்தின் ரகசிய ஞானம்' என்று 1781இல் ஒருவர் எழுதிவைத்தார். ஆதாரம் எதுவும் கிடையாது. இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் படங்களை 1909இல் லண்டனில் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். மொத்தம் 78 சீட்டு. ஆனால், அந்தக் கட்டுக்கு 'ரைடர் வெயிட்' என்று பதிப்பாளரின் பெயரும், யோசனை சொன்னவரின் பெயரும்தான் நிலைத்தன. படம் போட்ட அம்மாவின் பெயர் நெடுங்காலம் விட்டுப்போனது. 1951இல் வறுமையில் இறந்தார். உலகத்துக்கே எதிர்காலம் சொல்லும் சீட்டுகள் வரைந்தவரின் எதிர்காலத்தை மட்டும் சொல்லவில்லை போல!

மேலூர் வீட்டில் கட்டைக் கலைத்து அவளை ஒன்று எடுக்கச் சொன்னேன். வந்தது 'எட்டு வாள்'. கண்ணையும் கட்டி, கைகளையும் உடம்போடு சேர்த்துக் கட்டிய ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் எட்டு வாள்கள் மண்ணில் குத்தி நிற்கின்றன. காலடியில் சேறும் தண்ணீரும். தூரத்தில் குன்றின் மேல் ஒரு கோட்டை. புத்தகத்தில் இதற்கு என்ன அர்த்தம் போட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. "முதல்ல எது கண்ணுல பட்டுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"கட்டு" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மா எட்டிப் பார்த்தார். "காலைக் கட்டலையே ஆத்தா. நடந்து போகலாம்ல? காவலுக்கும் ஆளக் காணோம்."

"கண்ணைக் கட்டியிருக்கேம்மா, எங்கிட்டுப் போறது?"

"வாளை ஊனி வச்சது யாரு? நானா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். பிறகுதான் வந்தது அசல் பேச்சு. "நீ போனா நான் எப்படி இருப்பேன்னு எங்கிட்ட ஒருநாளாச்சும் கேட்டியா? போன்ல யார் யார்கிட்டயோ கேக்குற" என்றார் அம்மா. ஊசி தானே போட்டுக்கொள்வாராம். பகலில் அக்கம்பக்கம் இருக்கிறார்கள். ராத்திரிதான் பயமாம், திடீரென்று சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று. அதுவரை 'அம்மா' என்று மொத்தமாகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு, பயம் ராத்திரிக்கு மட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் அவள் முடிவு எடுக்கவில்லை. வேலையில் சேர ஒரு மாதம் தள்ளிக் கேட்டிருக்கிறாள். சித்தி மகள் ராத்திரி துணைக்கு வருவாளா என்று அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் கார்டு என்ன செய்தது? ஒரு படத்தை நடுவில் வைத்தது, அவ்வளவுதான். நேருக்கு நேர் சொல்ல முடியாததைப் படத்தின் மேல் ஏற்றிச் சொல்லிவிடுகிறோம். மனநலத் துறைக்கு இது புதிதில்லை. 1930களிலேயே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி முர்ரே, கிறிஸ்டியானா மார்கன் இருவரும் இப்படியும் அப்படியும் அர்த்தம் வரும் படங்களைக் காட்டி, 'இதை வைத்து ஒரு கதை சொல்லுங்கள்' என்று கேட்கும் சோதனையை உருவாக்கினார்கள். சொல்லும் கதையில் சொல்பவரின் மனசு எட்டிப் பார்க்கும் என்பது அவர்கள் கணக்கு.

காசு வாங்கிப் பலன் சொல்பவரிடம் நடப்பது வேறு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, 'இது உங்களுக்கான தனிப்பட்ட குணக் குறிப்பு' என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பாலான வரிகள் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை! 'வெளியில தைரியமா இருக்கீங்க, உள்ளுக்குள்ள ஒரு கவலை அரிக்குது' என்று யாராவது சொன்னால் உங்களுக்குப் புல்லரிக்கிறதா? பக்கத்து வீட்டு அக்காவிடம் அதையே சொல்லிப் பாருங்கள். அவருக்கும் புல்லரிக்கும்.

அன்றைக்கு அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "இதுக்கு எதுக்கு இம்புட்டுச் சீட்டு? கோயில்ல பூப்போட்டுப் பார்த்தாப் போச்சு." வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்களே, அது. எந்தப் பூ வந்தால் 'சரி' என்பதை முதலிலேயே மனசுக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். பூப்போட்டுப் பார்த்த யாரையாவது கேளுங்கள். பிள்ளை பொட்டலத்தைப் பிரிக்கும் அந்த நொடியில் 'வெள்ளை வரணும், வெள்ளை வரணும்' என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், பதில் அங்கேயே வந்துவிட்டது. பூவைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறதா, நிம்மதி வருகிறதா என்பதையும் சேர்த்துக் கவனித்தால் போதும். சாமி உத்தரவு என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கிளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர் பக்கம் ஒரு கிளி, பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்து வைரல் ஆனது. வனத்துறை வந்து கிளிகளை மீட்டது, ஜோசியரைப் பிடித்தது. தேர்தலில் தங்கர் பச்சான் தோற்றார். கிளிகளுக்காவது விடுதலை கிடைத்தது.

சரி, நீங்களே வீட்டில் செய்து பார்க்க நினைத்தால், டாரட் கட்டு வாங்கக்கூட வேண்டாம். பழைய மாதக் காலண்டர் படங்கள், கல்யாண ஆல்பத்தில் நாலு போட்டோ, வாரப் பத்திரிகையில் வெட்டிய ஓவியங்கள் எதுவானாலும் சரி. கவிழ்த்துப் போட்டு ஒன்றை எடுங்கள். கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். 'எனக்குக் கல்யாணம் ஆகுமா' என்று கேட்டால் எந்தப் படத்தாலும் உதவ முடியாது. 'கல்யாணப் பேச்சை எடுத்தாலே எனக்கு ஏன் கோபம் வருகிறது' என்று கேட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். முதலில் கண்ணில் பட்டது எது, அதைப் பார்த்ததும் யார் ஞாபகம் வந்தது, படத்தில் இருப்பவர் வாய் திறந்தால் என்ன சொல்வார் என்று நோட்டில் எழுதுங்கள். நெட்டில் அர்த்தம் தேட வேண்டாம்.

எழுதுவது முக்கியம். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், கல்லூரி மாணவர்கள் சிலரை நாலு நாள், தினமும் 15 நிமிடம், தங்களை ரொம்பவும் காயப்படுத்திய விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அவர்கள் மனசு பாரமாகத்தான் இருந்தது. ஆனால், நடந்ததையும் அதில் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள்.

ஒரே கேள்விக்கு ஒரே நாளில் இரண்டாவது சீட்டு எடுக்கத் தோன்றினால், கட்டை எடுத்து வைத்துவிடுங்கள். முதல் சீட்டு பிடிக்கவில்லை என்றுதானே இரண்டாவது? எது பிடிக்கவில்லை என்பதை நோட்டில் எழுதுங்கள். 'தோஷம்', 'செய்வினை', 'இன்றைக்குள் பணம் போடு' என்ற வார்த்தைகள் வரும் இடத்தில் போனை வைத்துவிடலாம். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்கு மனசு கனத்தால் படமும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.