ஒரு கணிப்பொறியில் பல குடித்தனங்கள்

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் நடந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, குடும்பங்கள் ஏழெட்டு. தியாகராய நகரின் அடுக்குமாடிகளிலோ நிலமும் அஸ்திவாரமும்தான் பொது. சமையலறையும் குளியலறையும் அவரவர்க்குத் தனி. சர்வர் எனப்படும் பெரிய கணிப்பொறியைப் பல வேலைகளுக்குப் பங்கிடுவதிலும் முக்கியமாக இவ்விரு வழிகளே உள்ளன. மாணவியரின் மதிப்பெண்களும் கட்டணக் கணக்கும் இன்று சர்வர்களில் குடியிருப்பதால், இது பொறியாளர் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்வது சரியன்று.

எண்ணம் புதிதல்ல. 1973-ல் நம் அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு முறைக்குக் காத்திருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டே வி.எம்./370 என்ற மென்பொருளை ஐ.பி.எம். அறிவித்திருந்தது. ஒரே பொறியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் தமக்கென முழுப் பொறி இருப்பதாகத் தோன்றச் செய்யும் வித்தை!

இன்றைய விஎம்வேர், ஸென், ஹைப்பர்-வி, கேவிஎம் எல்லாம் அடுக்குமாடி வகை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இயங்குதளம் உண்டு. அதனால் நினைவகம் அதிகம் செலவாகும். 2013-ல் வந்த டாக்கர் ஒண்டுக்குடித்தனம். இயங்குதளத்தின் கருவான கெர்னல், எல்லோருக்கும் பொதுக் கிணறு. இடம் மிச்சம், நொடியில் குடியேறலாம். ஆனால் கிணறு கெட்டால் எல்லார் வீட்டுக்கும் கேடு. மாணவியரின் பயிற்சி நிரல்களுக்கு இது போதும். மதிப்பெண்களையும் கட்டணக் கணக்கையும் தனித்தனி வீட்டில் பூட்டி வைப்பதே நல்லது என்பது நம் கருத்து.

அடுக்குமாடிகளுள் எதை எடுப்பது? 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நன்கு பழகிய, நிருவகிக்க எளிதான சரக்கு. 2023-ல் பிராட்காம் நிறுவனம் அதை வாங்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாகப் பெறும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சொந்த வீடு வாங்கப் போனவரிடம் வாடகை மட்டும்தான் உண்டு என்றால் எப்படி இருக்கும்? கேவிஎம் 2007 முதல் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. விலையில்லை, நிரலைத் திறந்தும் பார்க்கலாம். விஷயம் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருடைய சம்பளம் இலவசமன்று. இருந்தும் பள்ளிகள் கேவிஎம் பக்கமே சாய வேண்டும் என்போம். சந்தாவுக்குப் போகும் பணத்தில் நம் ஆசிரியை ஒருவரே அதைக் கற்றுக்கொள்ளலாமே!

எதை எடுத்தாலும் ஓர் அபாயம் உண்டு. கட்டடம் சாய்ந்தால் எல்லா வீடுகளும் போகும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கரையோரத் தரைத்தளங்கள் பட்டபாட்டை நாம் மறக்கவில்லை. இந்த முறையில் ஒரு முழுப் பொறியையே கோப்பாக நகலெடுத்து வேறு ஊரில் வைக்கலாம். ஆனால் யாராவது வைத்தால்தான் அது அங்கே இருக்கும். அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில், நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து சோதித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.