பிழை விட ஓர் இடம்

சென்ற தவணைப் பரீட்சையில் செய்நிரல் வினாவுக்கு எனக்கு முழுப் புள்ளிகளும் கிடைத்தன. விடைத்தாளைக் கண்டு வாப்பா மகிழ்ந்து போனார். உண்மையில் அந்த விடை என்னுடையதல்ல. மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் செய்நிரல் அது. டியூட்டில் இருந்ததை வரிக்கு வரி மனனம் செய்து ஒப்புவித்தேன். நான்கு எண்கள் என்று கேட்டிருந்தால் வெறுந்தாளைத்தான் கொடுத்திருப்பேன்.

நான் கலைப்பிரிவு மாணவி. சாதாரண தரத்தில் பஸ்கால் படித்துவிட்டு வந்த தோழிகளுக்கு நடுவே, உயர்தரத்தில் முதன்முதலாகப் பைதனைக் கண்ட எனக்கு எல்லாமே புதிது. அதனால் தெரிந்த வழியிலேயே போனேன். வரலாற்றைப் பாடமாக்குவது போல இதையும் பாடமாக்கினேன். இதில் நான் தனியாள் இல்லை என்பது என் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியும். கடந்தகால வினாத்தாள்களில் அடிக்கடி வரும் செய்நிரல்களை எண்ணி எடுத்து மனனம் செய்பவர்கள் எங்களிடையே பலர்.

இந்த வழி பிழை என்பதை எனக்கு விளங்க வைத்தது உம்மாவின் வட்டிலப்பம்.

உம்மா ஓடருக்கு வட்டிலப்பம் செய்து கொடுப்பவர். கணக்கெல்லாம் ஒரு பழைய கொப்பியில் இருக்கும். விடுமுறையில் ஒருநாள், அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு செய்நிரல் எழுதலாமே என்று தோன்றியது. விலையைக் கேட்க வேண்டும், எண்ணிக்கையைக் கேட்க வேண்டும், பெருக்கிக் காட்ட வேண்டும். நான்கே வரிகள். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்ததால் முதலில் சிவப்பு எழுத்தில் ஏசியது. திருத்தினேன். பிறகு ஒரு பிழையும் காட்டவில்லை. உம்மாவைக் கூப்பிட்டு, விலை 1800, எண்ணிக்கை 3 என்று கொடுத்தேன். வந்த விடை 180018001800.

"பதினெட்டாயிரம் கோடியா? அப்ப ஊரோட எல்லாரையும் ஹஜ்ஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாமே!" என்று உம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் பிடிபட்டது. விசைப்பலகையில் நாம் எதைத் தட்டினாலும் 'இன்புட்' அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இலக்கங்களைத் தட்டினாலும் அவை அதற்கு எழுத்துத்தான். எண்ணாக மாற்ற 'இன்ட்' போட வேண்டும். எண்ணிக்கைக்கு அதைப் போட்ட நான் விலைக்குப் போடவில்லை. எனவே பைதன் 1800 என்ற எழுத்தை மூன்று முறை அடுத்தடுத்து ஒட்டிக் காட்டியது. நான் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதை மிஸ் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார். என் கொப்பியில் அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடும் இழுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த பிழையைப் பிடித்தவர் உம்மா. பத்தும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு அவர் விலை குறைத்துக் கொடுப்பார். 'பத்தை விடப் பெரிது என்றால்' என்று நான் நிபந்தனை எழுதினேன். பதினொன்றுக்குக் கழிவு சரியாக வந்தது. சரியாகப் பத்து எடுத்தவருக்கு வரவில்லை. "பாவம், அந்தாள் என்ன செஞ்சார்?" என்று கேட்டார். ஒரு சமன் குறி குறைந்திருந்தது. கணினி தொட்டறியாத உம்மாவுக்கு, செய்நிரலைச் சோதிப்பதென்றால் எல்லையில் நிற்கும் எண்ணைத்தான் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். புதிதாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு டியூட்டை விடவும், இன்னொரு பிரத்தியேக வகுப்பை விடவும் முதலில் தேவைப்படுவது, யாரும் புள்ளி போடாத இடத்தில் பிழை விட்டுப் பார்க்கக் கொஞ்சம் நேரம். பெண்பிள்ளைகளான எங்களுக்கு இது இன்னும் கடினம். கொப்பி அழகாக இருக்க வேண்டும், வெட்டுக்கொத்து இருக்கக் கூடாது என்று பழகி வந்தவர்கள் நாங்கள். திரையில் ஒரு சிவப்பு வரி வந்தால் யாரோ பார்த்துவிடுவார்களோ என்று அவசரமாக மூடிவிடுகிறோம். அதை முழுதாக வாசித்தால் எத்தனையாம் வரியில் சிக்கல் என்று அதுவே சொல்லிவிடும்.

ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படும் தோழிகளுக்கு ஒன்று. பைதனுக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் சுமார் 35 தான். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 'விலை' என்றே எழுதினேன், ஏற்றுக்கொண்டது. அடுத்தது, செட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நொடியில் எழுதித் தருமே என்பார்கள். தரும். டியூட்டும் அப்படித்தான் தந்தது.

எங்கள் விழா மேடைகளில், அல்கோரிதம் என்ற சொல்லே முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அந்த அறிஞர் தம் அல்ஜிப்ரா நூலில் பெரும் பகுதியை வஸிய்யத்துக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் ஒதுக்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. குடும்பங்களில் தீர்க்க வேண்டியிருந்த கணக்குகள் அவை. எங்கள் வீடுகளிலும் ஸகாத் கணக்கு இருக்கிறது, சீட்டுக் கணக்கு இருக்கிறது, கடைக் கொப்பி இருக்கிறது. மூன்று எண்களில் பெரியதைத் தேடி முடித்தவர்கள் அங்கே தொடங்கலாம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் கணினி நானாவின் அறையில்தான் இருந்தது. அவர் வெளியே போனால்தான் எனக்குக் கிடைக்கும். பல வீடுகளில் இதுதான் நிலைமை. பெண்பிள்ளை தனியே கணினியின் முன் இருப்பது உங்களுக்குக் கவலை தரலாம். அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. கணினியை ஹோலுக்கு மாற்றிவிடுங்கள். வாப்பா அப்படித்தான் செய்தார். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் மகளுக்கென்று ஒதுக்குங்கள். கணினி இல்லாத வீட்டில் தொலைபேசியிலும் பைதன் எழுதலாம். அதற்கு இலவசச் செயலிகள் உண்டு. சின்னத் திரையில் இடைவெளி விட்டு எழுதுவது சிரமம்தான், ஆனால் முடியும். இத்தனையும் கொடுத்துவிட்டு, இன்றைக்கு என்ன செய்து முடித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். சில நாட்களில் ஒரு காற்புள்ளியைத் தேடியே நேரம் போய்விடும்.

உம்மா இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார். பெருநாளைக்கு ஓடர் கொடுத்தவர்களில் யார் யார் மீதிக் காசு தர வேண்டும் என்று அது காட்டுமா? அதற்குப் பட்டியல்கள் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் அந்தப் பாடம் இன்னும் தொடங்கவில்லை. நேற்றிரவு நானாகத் தொடங்கினேன். இதுவரை பட்டியலிலுள்ள எல்லாரும் கடன்காரர்கள் என்றுதான் சொல்கிறது, உம்மாவையும் சேர்த்து.