அம்மா நடந்த ஆற்றங்கரை

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தில் அவள் பார்த்த இங்கிலாந்து என்ன தெரியுமா? ஹால் ஜன்னல், பின்பக்கத் தோட்டம், சூப்பர் மார்க்கெட். நானும் கணவரும் காலையில் கிளம்பினால் மாலைதான் வருவோம். ஃப்ரிட்ஜ் மேல் தொங்கும் காலண்டரில், ஊருக்குத் திரும்பும் தேதியை அம்மா வட்டம் போட்டு வைத்திருந்தாள். தினமும் அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு சுருக்கென்றிருக்கும்.

லண்டன் போகலாம் என்றால், "அங்கெல்லாம் படிக்கட்டா இருக்கும்டி. என் முட்டி தாங்காது" என்பாள். அதனால் ஒரு சனிக்கிழமை, படியே இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிப் போனேன்.

கோல்செஸ்டரில் இருந்து பக்கம்தான். ஸ்டூர் என்று ஓர் ஆறு. இந்தக் கரை சஃபோக் மாவட்டம், அந்தக் கரை எசெக்ஸ். ஃப்ளாட்ஃபோர்ட் என்ற குட்டி இடத்தில் மரப்பாலம் தாண்டி, கரையோரமாகவே டெட்ஹாம் கிராமம் வரை நடந்து, திரும்பும்போது மறுபக்க வயல்கள் வழியாக வந்து சேரலாம். சுற்றி வர ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். மேடே கிடையாது. 'ஆறு கிலோமீட்டரா!' என்று மலைக்காதீர்கள், எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பாதியிலேயே டெட்ஹாமில் உட்கார்ந்து, சாப்பிட்டு, சர்ச் கோபுரத்தை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

பாலம் தாண்டியதுமே ஒரு கேட். உள்ளே புல்வெளி, மேய்கிற மாடுகள். அம்மா நின்றுவிட்டாள்.

"இது யாரோட நிலம்? கேக்காம உள்ள போலாமா?"

நான் இங்கே வந்த புதிதில் கேட்ட அதே கேள்வி. நிலம் ஒருவருக்குச் சொந்தம், அதன் நடுவே போகும் பாதை எல்லாருக்கும் சொந்தம் என்றேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி நடக்க உரிமையுள்ள பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. 1949-ல் வந்த ஒரு சட்டம், அந்தப் பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யும் வேலையை உள்ளூர் நிர்வாகங்களிடம் கொடுத்தது. நிலத்துக்காரர் பாதையை அடைக்கக் கூடாது. வயல் நடுவே போகும் பாதையை உழுதுவிட்டால், சொன்ன நாளுக்குள் மறுபடி நடக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். அம்மா நம்பவில்லை. "பாப்பாவைக் கேளு" என்கிற மாதிரி என் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் உள்ளே கால் வைத்தாள்.

அந்த கேட்டுக்கு 'கிஸ்ஸிங் கேட்' என்று பெயர். வளைந்த வேலிக்குள் ஊசலாடும் கதவு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும், மாடு வெளியே வர முடியாது. கதவு இரு பக்கமும் வேலியைத் தொட்டுத் தொட்டு வருவதால் அந்தப் பெயராம். அம்மாவுக்கு அர்த்தம் சொன்னதும், "கதவுக்குக்கூட வேற பேரு கெடைக்கலையா" என்று சிரித்தாள். ஐந்து வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

மாடுகளுக்கு நான்தான் பயந்தேன். அம்மா "ஹை... ஹை" என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போனாள். (கன்றோடு நிற்கும் மாட்டிடமிருந்து மட்டும் தள்ளியே நடங்கள். கையில் நாய் இருந்தால் இன்னும் கவனம்.)

இந்த ஆற்றங்கரை, ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வளர்ந்த இடம். 1776-ல் பக்கத்து ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டில் பிறந்தவர். ஃப்ளாட்ஃபோர்ட் மாவு மில் அவருடைய அப்பாவுடையது. டெட்ஹாமில்தான் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் இந்த ஆற்றில் சரக்குப் படகுகள் ஓடின. கரையில் நடக்கும் குதிரைகள் கயிறு கட்டி அவற்றை இழுத்தன. மாடு தாண்டாமலிருக்கப் பாதையில் தடுப்புக் கட்டை இருக்கும். குதிரை மட்டும் அதைத் தாண்டிக் குதிக்கப் பழக்கப்பட்டிருக்கும். அதையும் அவர் வரைந்திருக்கிறார்.

நடை முடிகிற இடத்தில், மில்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு பழைய வெள்ளை வீடு. 1821-ல் அவர் காட்சிக்கு வைத்த 'தி ஹே வெய்ன்' ஓவியத்தில் இடது பக்கம் தெரிவது இதேதான். படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. என் போனில் எடுத்துக் காட்டினேன். ஆற்றுக்கு நடுவே ஒரு காலி வண்டி, இழுக்கக் குதிரைகள்.

"வண்டி ஏன் தண்ணியில நிக்குது?" என்று நான்தான் கேட்டேன்.

அம்மா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கோடையில மரச்சக்கரம் காஞ்சு சுருங்கும்டி. இரும்புப் பட்டை கழண்டுக்கும். தண்ணியில விட்டா ஊறி இறுகிக்கும். எங்கப்பா எங்க ஊரு வாய்க்கால்ல அப்படித்தான் வண்டிய நிறுத்துவாரு. மாட்டுக்கும் கால் குளிரும்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இந்தப் படத்துக்கு விளக்கம் எழுதியவர்களும் அதையே ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளை வீட்டில் வாழ்ந்தவர் வில்லி லாட் என்ற விவசாயி. எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தும், அந்த வீட்டை விட்டு மொத்தம் நான்கு இரவுதான் வெளியே தங்கினார் என்று சொல்கிறார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

"கொடுத்து வெச்ச மனுஷன்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் ஸ்கோன் வாங்கினோம். "இதுல முட்டை இருக்குமா?" என்று கேட்டு, இருக்கலாம் என்றதும் டீ மட்டும் குடித்தாள்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல்: லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் மேனிங்ட்ரீ ஸ்டேஷன். அங்கிருந்து ஃப்ளாட்ஃபோர்டுக்கு நடந்தே வரலாம், ஆனால் அந்த தூரம் தனிக் கணக்கு. மழைக்காலத்தில் சேறு அப்பும். அம்மா செருப்போடு வருகிறேன் என்றாள், என் பழைய ஷூவை மாட்டிவிட்டேன்.

இரவு மாமாவுக்கு போன் போட்டாள். முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நம்மப்பா வண்டிய அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கான்டா வெள்ளைக்காரன். என்ன, மாட்டுக்குப் பதிலா குதிரை!"

காலண்டரில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமையில் புதிதாக ஒரு சின்னப் புள்ளி. என்னம்மா இது என்றேன்.

"ஆத்துக்கு இன்னொரு தடவ போலாம்ல?"