சீனியும் ஏச்சும்

"வீட்டில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, கிளினிக்குக்கு வரும் நாளில் மட்டும் சீனி கூடிவிடுகிறது" என்று நீரிழிவு நோயாளர் ஒருவர் கூறுவாரானால், அவர் பொய் சொல்கிறார் என்றே பெரும்பாலும் முடிவு கட்டப்படுகிறது. முதல் நாள் கல்யாண வீட்டில் பலகாரம் உண்டிருப்பார், மாத்திரையைத் தவறவிட்டிருப்பார், வாயைக் கட்டத் தெரியாத சனம் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். கிளினிக் கொப்பியில் எழுதப்படும் எண், நோயாளியின் ஒழுக்கத்துக்கு இடப்படும் புள்ளியாகிவிடுகிறது. புள்ளியிடுவதையே தொழிலாகக் கொண்ட ஆசிரிய நண்பர்களும், புள்ளிக்கு அஞ்சி வாழும் மாணவ நண்பர்களும் இதனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டுமென விரும்புகிறோம்.

அச்சம் குருதியில் வெல்லத்தை ஏற்றும் என்பது நேற்றுப் பிறந்த செய்தியன்று. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியலாளர் வால்டர் கனனும் அவருடைய சகாக்களும் 1911ஆம் ஆண்டிலேயே இதனைப் பூனைகளில் காட்டினர். அச்சுறுத்தப்பட்ட பூனைகளின் சிறுநீரில் வெல்லம் வெளிப்பட்டது. அதிரீனற் சுரப்பிகள் அகற்றப்பட்ட பூனைகளிலோ எவ்வளவு கிளர்ச்சியூட்டியும் அது தோன்றவில்லை. (ஸ்பானியக் குடியரசுக்கு மருத்துவ உதவி திரட்டிய அமெரிக்க இயக்கத்தில் முன்னின்றவரும் இந்தக் கனனே என்பதை நமது இளைஞர் அறிந்து வைத்திருப்பது நல்லது.) பூனையோடு ஆராய்ச்சி நிற்கவில்லை. கடினமான பரீட்சையொன்றை எழுதி முடித்த ஒன்பது மருத்துவ மாணவர்களுள் நால்வரின் சிறுநீரில் வெல்லம் இருந்தது. இலகுவான பரீட்சையின் பின்னர் ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டது. 1913ஆம் ஆண்டின் மிக முக்கியமான உதைபந்தாட்டப் போட்டி முடிந்ததும் ஹார்வார்ட் அணியின் இருபத்தைந்து பேர் சோதிக்கப்பட்டனர். பன்னிருவரிடம் வெல்லம் காணப்பட்டது. அப்பன்னிருவருள் ஐவர் மைதானத்தில் இறங்கவேயில்லை. தம்மை அழைப்பார்களோ மாட்டார்களோ என்று காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் அவர்கள்.

காத்திருத்தலே போதுமாயிருந்தது. நமது வைத்தியசாலை வாங்குகளில் விடியற்காலை முதல் இலக்கத் துண்டோடு அமர்ந்திருக்கும் மக்களை எண்ணும்போதெல்லாம் இந்த ஐவரின் கதை நம் நினைவுக்கு வருகிறது.

உடல் இதனை எவ்வாறு செய்கிறது? ஆபத்து வருகிறதென்று மூளை கருதியதும் அதிரினலின் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கிறது. சற்றுப் பிந்திக் கோர்ட்டிசோலும் சேர்கிறது. ஈரல் தான் சேமித்து வைத்த கிளைக்கோசனை உடைத்துக் குளுக்கோசாக்கி வெளியே அனுப்புகிறது. சதையியின் இன்சுலின் சுரப்பு அடக்கப்படுகிறது. சுரந்த இன்சுலினுக்கும் தசைகள் முன்போல் இணங்குவதில்லை. ஓடுவதற்கோ போராடுவதற்கோ வேண்டிய எரிபொருளை உடல் தயார் செய்கிறது. நம் நோயாளரோ ஓடுவதுமில்லை, போராடுவதுமில்லை, வாங்கில் அமர்ந்திருக்கிறார். நலமான உடல் இந்த மிகையை விரைவிற் சமன் செய்துவிடும். இன்சுலின் போதாத, அல்லது இன்சுலினுக்கு இணங்காத உடலில் அது எளிதன்று. எல்லாருக்கும் இது ஒரே அளவில் நிகழ்வதில்லை, சிலரிடம் மாற்றமே தெரிவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் கிளினிக்கில் அளந்த குருதி வெல்லம் வீட்டில் அளந்ததைவிட உயர்ந்து நிற்பதுண்டென ஆஸ்திரேலிய வைத்தியர்கள் 1992இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். வெள்ளையங்கியைக் கண்டதும் ஏறும் வெல்லம் என்ற பொருளில் அதற்குப் பெயரும் இட்டனர். நோயாளர் கூறியது பொய்யன்று.

இனி நமது நாட்டின் கிளினிக் காலையைப் பார்ப்போம். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது கட்டளை. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் முன் இலக்கம் கிடைக்கும். இரத்தம் எடுத்தபின்பும் வரிசையை விட்டுப் போக அஞ்சிப் பிளேன்ரீ கூடக் குடியாமல் முற்பகல்வரை இருப்போர் எத்தனை பேர்! மலையகத்துத் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய பேர் விழாது. கிளினிக் நாள் என்பது கூலி இழந்த நாள். உள்ளே அழைக்கப்படும்போது வைத்தியர் பேசும் மொழி அவருக்குப் புரியாமற் போகலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; அரசியலமைப்பின் அந்த வாசகம் எத்தனை கிளினிக் அறைகளின் வாசற்படியைத் தாண்டியிருக்கிறது? இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது ஓரிரு நிமிடம். அந்த ஓரிரு நிமிடத்திலும் ஏச்சு. மற்ற நோயாளர் கேட்க, "இப்படியே போனால் காலை வெட்டவேண்டி வரும்" என்ற ஏச்சு.

ஏச்சுக்கு அஞ்சியவர் அடுத்த முறை என்ன செய்கிறார்? கிளினிக்குக்கு முந்திய மூன்று நாளும் சோற்றைக் குறைக்கிறார். சிலர் மாத்திரையை இரட்டிப்பாக்குகிறார். சிலர் போகாமலே விட்டுவிடுகிறார். வைத்தியரின் கைக்கு வந்து சேருவது பட்டினியின் எண் அல்லது அச்சத்தின் எண், நோயின் எண்ணன்று. அச்சத்தால் ஏறிய எண்ணைப் பார்த்து மருந்தின் அளவு கூட்டப்படுமானால், அச்சம் நீங்கி வீட்டிற் படுத்திருக்கும் இரவில் அம்மருந்து என்ன செய்யும்? வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், சிலவேளை நினைவிழப்பு. தனியே வாழும் வயோதிபருக்கு இது உயிரோடு விளையாடும் காரியம்.

இதற்கு மாற்றுக் கருவி இல்லையா? உண்டு. எச்பிஏ1சி என்னும் சோதனை ஏறத்தாழ இரண்டு மூன்று மாத காலத்தின் சராசரி வெல்ல நிலையைக் காட்டுவது. ஒரு காலைப் பொழுதின் படபடப்பு அதனை மாற்றிவிடாது. (இரத்தச்சோகை உள்ளவரிடம் அதுவும் பிழை காட்டக்கூடும், நம் தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை அரிதன்று என்பதையும் சொல்லி வைக்கிறோம்.) ஆனால் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இச்சோதனை எப்போதும் கிடைப்பதில்லை, வெளியே காசு கொடுத்துச் செய்து வரும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்படுகிறது. காசுள்ளவனுடைய நோய் மூன்று மாதத்தைக் கொண்டு மதிக்கப்படுகிறது. காசில்லாதவனுடைய நோயோ அவன் அஞ்சி நடுங்கிய ஒரே காலையைக் கொண்டு மதிக்கப்படுகிறது. வர்க்க பேதம் குருதிச் சோதனைக் குழாய்க்குள்ளும் இறங்கியிருக்கிறதென்று சொன்னால் நம்மைக் கோஷம் போடுபவர்கள் என்கிறார்கள். கோஷமன்று இது, சோதனைக்கூடத்தின் விலைப்பட்டியல்.

இந்த இடத்தில் மனச்சாந்தி வியாபாரிகள் குறுக்கிடுவார்கள். "யோசிக்காதீர்கள், தியானம் செய்யுங்கள், சீனி தானே இறங்கும்" என்பது அவர்களுடைய உபதேசம். மனத்தளர்வுப் பயிற்சி பயனற்றதென நாம் கூறவில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 108 நோயாளரைக் கொண்ட இரு பிரிவினருள் மனவழுத்தத்தைக் கையாளக் குழுவாகப் பயிற்றப்பட்டோரிடம் ஓராண்டின் பின்னர் எச்பிஏ1சி சுமார் அரை வீதம் குறைந்திருந்தது. அது சிறிய பயனன்று. ஆனால் அங்கே பயிற்சி சிகிச்சையின் பகுதியாக ஆளிட்டு நடத்தப்பட்டது. இங்கோ அச்சத்தை உண்டாக்கும் நிலைமைகள் அப்படியே இருக்க, அஞ்சுவது நோயாளியின் குற்றமென்று இன்னொரு குற்றப்பத்திரம் தயாராகிறது. சீனிக்கு ஒரு ஏச்சு, சீனி கூடுமென்று கவலைப்பட்டதற்கு மற்றொரு ஏச்சு!

கிளினிக் எண் நம்பத்தக்கதன்று, ஆகவே மாத்திரையை விட்டுவிடலாம் என்று நம் கட்டுரையை எவரேனும் திரித்துச் சொல்வாராயின் அவர் மக்களின் பகைவர். மருந்தை நிறுத்துவது கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்கும் வழி.

வைத்தியர் மீது மட்டும் பழி போடுவதும் நமது நோக்கமன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுச் சென்றனர். எஞ்சியோரின் மேசைமுன் வரிசை நீண்டது. அதே வேளை, காலையில் ஏசிய அதே வாய் மாலையில் தனியார் மனையில் "எப்படியம்மா சுகம்?" என்று கனிவதை மக்கள் கவனியாமலில்லை. கனிவு மனித சுபாவத்தைப் பொறுத்தது என்று நம்மிடம் வாதிட வேண்டாம். காலைக்கும் மாலைக்கும் இடையில் மாறியது கட்டணம் ஒன்றே.

இந்நாட்டின் இலவச வைத்தியம் எவரும் இரங்கி ஈந்த தானமன்று. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையின் அழுத்தமும், 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமம் கிராமமாகச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் போன்றோரின் உழைப்பும் அதன் பின்னால் நிற்கின்றன. அந்த உரிமையைப் பெறும் மனிதன் பிச்சைக்காரனைப்போல் வாங்கில் ஒடுங்கி அமர்ந்திருப்பதை எவ்வாறு சகிப்பது? இது சிலருடைய நோயுமன்று. 2005–06இல் நடந்த ஆய்வு வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு என்றது. வடக்கையும் கிழக்கையும் அந்த ஆய்வு எண்ணவேயில்லை. பின்வந்த ஆய்வோ ஐவருள் ஒருவருக்கு மேல் என்கிறது.

செய்யத்தக்கவை பெரும் பணத்தை வேண்டுவனவல்ல. எல்லாரையும் ஆறு மணிக்கு வரவழையாமல் மணிக்கொரு பகுதியினராக அழைக்கலாம். இரத்தம் எடுத்தவுடன் உண்டுவர அனுமதித்து இலக்கத்தைக் காத்து வைக்கலாம். எண்ணைத் தனியே அழைத்துச் சொல்லலாம். தமிழ் தெரிந்த ஒருவரை மேசையருகே இருத்தலாம். "வீட்டில் எவ்வளவு இருந்தது?" என்று கேட்டு அந்தப் பதிலையும் கொப்பியில் எழுதலாம். எச்பிஏ1சியை மட்டும் அரசாங்கத்திடம் கேட்டுப் போராட வேண்டும்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் நமது ஆசிரியர் பலர் அங்கத்தவராயிருக்கின்றனர். வாயில் வளைவுக்கு என்ன வர்ணம் பூசுவது, திறப்பு விழாவுக்கு எந்தப் பிரமுகரை அழைப்பது என்பவற்றில் அக்குழுக்களின் கூட்டங்கள் கரைகின்றன. அடுத்த கூட்டத்தில் எழுந்து, கிளினிக் நாளில் முதல் நோயாளி எத்தனை மணிக்கு வருகிறார், கடைசி நோயாளி எத்தனை மணிக்கு உண்கிறார் என்று அறிக்கையில் பதியும்படி கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.