நலிந்த ஆலையும் தொழிற்சங்கமும்

ஓர் ஆலை நட்டத்தில் வீழ்ந்ததும் அதன் மரண விசாரணைத் தீர்ப்பு விசாரணைக்கு முன்னரே எழுதப்பட்டு விடுகின்றது. 'தொழிற்சங்கம் கொன்றது' என்பதே அத்தீர்ப்பின் வாசகமாகும். வர்த்தகப் பிரமுகர்களின் ஆண்டுக் கூட்டங்களிலும் பத்திரிகைகளின் ஆசிரிய தலையங்கங்களிலும் இவ்வாசகம் சலிப்பின்றி ஓதப்பட்டு வருகின்றது. 1923ஆம் ஆண்டுக் கொழும்புப் பொது வேலைநிறுத்தத்தின்போது கூறப்பட்டதும் இதுவே. நாடு கடனிறுக்க இயலாத நிலையை 2022 ஏப்ரலில் அறிவித்ததன் பின்னர், தொழிற்சட்டங்கள் யாவற்றையும் ஒரே சட்டமாகத் தொகுக்கும் யோசனை 2023இல் முன்வைக்கப்பட்டபோது கூறப்பட்டதும் இதுவே. நூறாண்டுகளாக மாறாத ஒரு வாதம் ஒன்றில் பேருண்மையாக இருத்தல் வேண்டும். அன்றேல் எவரும் சோதித்துப் பாராத பழக்கமாக இருத்தல் வேண்டும். இவ்வாதம் இரண்டாவது வகையைச் சார்ந்தது.

ஆலையொன்றின் நலிவுக்கான காரணங்களை எண்ணத் தொடங்குவோர் அதன் செலவுக் கணக்கையாவது முதலிற் புரட்டிப் பார்த்தல் வேண்டும். மூலப்பொருள், மின்சாரம், எரிபொருள், இயந்திரத் தேய்மானம், வங்கி வட்டி, போக்குவரத்து, நிருவாகச் செலவு ஆகியவற்றோடு கூலியும் அங்கு ஒரு வரியாக இடம்பெறும். தொழிற்சங்கத்தின் கை அந்த ஒரு வரியை மாத்திரமே எட்டக்கூடியது. எப்பொருளை உற்பத்தி செய்வது, எந்நாட்டு இயந்திரத்தை வாங்குவது, எவ்வங்கியில் எவ்வட்டிக்குக் கடன் பெறுவது என்பனவெல்லாம் பணிப்பாளர் சபையின் தனியுரிமைகள். தொழிலாளர் பிரதிநிதி அவற்றைப் பற்றி வாய்திறப்பின் அது வரம்பு மீறலாகக் கொள்ளப்படும். முடிவெடுக்கும் உரிமை முழுவதையும் தன்னகத்தே வைத்துக்கொண்டு, அம்முடிவுகளின் விளைவுக்கு மாத்திரம் மற்றொருவரைப் பொறுப்பாளியாக்குவது எந்தத் தருக்க நூலுக்கும் உடன்பாடாகாது.

இலங்கையின் கைத்தொழில் மயானத்தைச் சற்றே சுற்றி வருவோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. அதனை மூடியது யுத்தம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை முடக்கியதும் அதுவே. வடக்கிலும் தெற்கிலும் கைத்தறிகளும் சிறு விசைத்தறிகளும் 1977இன் பின்னர் ஆயிரக்கணக்கில் ஓய்ந்தமைக்கு, இறக்குமதித் துணிக்குக் கதவுகள் அகலத் திறந்துவிடப்பட்டமையே காரணமாகும். அத்தறிகளிற் பெரும்பாலானவற்றில் சங்கம் என்ற சொல்லே ஒலித்ததில்லை. சங்கம் இல்லாத தறி சங்கத்தால் எவ்வாறு இறந்தது என்பதை அறிந்தோர் விளக்குவாராக!

அரச கூட்டுத்தாபனங்களின் கதை இன்னும் தெளிவானது. அவை தேவைக்கு மிஞ்சிய ஆட்களைச் சுமந்து தள்ளாடின என்பது மெய்யே. ஆயின் அவ்வாட்களை உள்ளே அனுப்பியவர் யார்? 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் தொகுதி உறுப்பினரின் கடிதம் வேலைவாய்ப்புக்கு வழியாயிற்று. 1977இன் பின்னர் அக்கடிதத்துக்குப் பதிலாகப் பாராளுமன்ற உறுப்பினர் வழியே வழங்கப்பட்ட தொழில் வங்கி விண்ணப்பப் படிவம் வந்தது. ஆட்சி மாறியது, சீட்டின் நிறம் மாறியது, முறை மாறவில்லை. ஆட்சேர்ப்பில் யாதோர் அதிகாரமும் அற்றிருந்த சங்கத்தின் மீது ஆட்பெருக்கத்தின் பழியைச் சுமத்துவது அரசியல்வாதியின் சாமர்த்தியம் எனலாம். பொருளியலாளர் அதனை வழிமொழிவதே வியப்புக்குரியது.

'சங்கம் அகன்றால் ஆலை தழைக்கும்' என்னும் கருதுகோள் இந்நாட்டில் ஒருமுறை முழுமையாகவே பரிசோதிக்கப்பட்டது. 1980 யூலையில், மாதமொன்றுக்கு 300 ரூபா சம்பள உயர்வு கோரி நடைபெற்ற பொது வேலைநிறுத்தம் அவசரகாலச் சட்டத்தின் துணைகொண்டு முறியடிக்கப்பட்டது. நாற்பதினாயிரத்துக்குக் குறையாத ஊழியர் ஒரேயடியாக வேலையிழந்தனர். அவர்தம் குடும்பங்கள் பட்ட துயரத்தை அளக்க எந்தப் புள்ளிவிபரமும் போதாது. சங்கங்களின் முதுகெலும்பு முறிந்தது. பல தசாப்தங்களுக்கு அது நிமிரவேயில்லை. அக்கருதுகோள் மெய்யாயின், 1980இன் பின்னர் அரச ஆலைகள் பூத்துக் குலுங்கியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. நட்டம் தொடர்ந்தது, திறைசேரி சலித்தது, தொண்ணூறுகளில் அவை ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. நோய்க்குக் காரணமெனக் கூறப்பட்ட உறுப்பை வெட்டியெறிந்த பின்னரும் நோய் நீங்காவிடின், வைத்தியரின் நோய்நிர்ணயத்தையே ஐயுற வேண்டும்.

இதே பரிசோதனை மறுதிசையில் நடைபெற்றமைக்கு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பிரீமொன்ற் நகர் சான்று பகரும். அங்கு ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி நடத்திவந்த கார்த் தொழிற்சாலை அக்கம்பனியின் மிக மோசமான ஆலைகளுள் ஒன்றெனப் பெயரெடுத்திருந்தது. நாள்தோறும் ஐவரில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. தீர்க்கப்படாத முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கிற் குவிந்து கிடந்தன. முன்னறிவித்தலற்ற வேலைநிறுத்தங்கள் மலிந்திருந்தன. ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கமே ஆலையைக் கெடுத்தது என்று முகாமை கூறியது. ஊரும் அதனை நம்பியது. 1982இல் ஆலை மூடப்பட்டது.

ஈராண்டுகளின் பின்னர், 1984இல், ஜப்பானிய ரொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டர்சும் கூட்டாக அதே கட்டிடத்தைத் திறந்தன. முகாமை ரொயோட்டாவின் பொறுப்பாயிற்று. அச்சங்கத்தை ஏற்றுக்கொள்ள ரொயோட்டா முதலில் தயங்கியது, ஈற்றில் ஏற்றது. வேலைக்கு எடுக்கப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் பழைய ஆலையில் வேலையிழந்தவர்களே. அதே தொழிலாளர்; அதே சங்கம்; பலர் முன்னர் 'கலகக்காரர்' எனப் பட்டம் பெற்றவர்கள். ஓரிரு ஆண்டுகளுள் வேலைக்கு வராதோரின் வீதம் நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவுக்கு இறங்கியது. கார்களின் தரம் ஜப்பானில் உள்ள ரொயோட்டா ஆலையின் தரத்தை அண்மித்தது. உற்பத்தித்திறனில் ஜெனரல் மோட்டர்சின் ஏனைய ஆலைகள் பின்தங்கின.

மாறியது யாது? பிழையொன்றைக் கண்ட எத்தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்னும் அதிகாரம் வழங்கப்பட்டது. பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது மன்னிக்க முடியாத குற்றம். பழுதான கார் பழுதோடேயே நகர்ந்து முற்றத்தில் தேங்கும். பல டசின் வேலைப் பிரிவுகள் ஒரு சிலவாகச் சுருக்கப்பட்டன. இது சங்கம் விட்டுக்கொடுத்தது, சிறிய விட்டுக்கொடுப்பன்று. பதிலாக, கம்பனி நெருக்கடிக்கு உள்ளானால் முதலில் முகாமையாளரின் சம்பளத்தைக் குறைத்த பின்னரே ஆட்குறைப்பைப் பற்றிச் சிந்திப்பதென ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. எண்பதுகளின் பிற்பகுதியில் விற்பனை வீழ்ந்து ஆலையின் கொள்ளளவிற் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்த வேளையிலும் எவரும் நிறுத்தப்படவில்லை. மிகையான தொழிலாளர் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். வாக்குக் காப்பாற்றப்பட்டதைக் கண்ட பின்னரே தொழிலாளர் தம் அறிவை ஆலைக்குத் தரத் துணிந்தனர். தன் யோசனையால் வேலை இலகுவாகி அதனால் தானோ தன் நண்பனோ வேலையிழக்கக் கூடுமெனின் யார்தான் யோசனை கூறுவர்? அவ்வாலையும் 2010இல் மூடப்பட்டது உண்மையே. அதற்கு முந்திய ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்தாகிக் கூட்டிலிருந்து விலகியதே அதன் தொடக்கம். பிரீமொன்ற் தொழிலாளரின் கைவேலை அன்று.

தொழிற்சங்கத்தை எதிர்ப்போர் பிரித்தானியாவைக் காட்டுவர். எழுபதுகளில் பிரிட்டிஷ் லீலண்ட் கம்பனியில் ஒரே ஆலைக்குள் பல சங்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, அற்ப காரணங்களுக்கும் வேலையை நிறுத்தியமை மறைக்கத்தக்கதன்று; அது கம்பனிக்குத் தீங்கு செய்தது. ஆயின் அவ்வரலாற்றின் இறுதி அத்தியாயத்தை அவர்கள் வாசிப்பதில்லை. அக்கம்பனியின் வழித்தோன்றலாகிய ரோவரில் 1992இலேயே தொழிலாளர் நெகிழ்வான வேலைமுறைக்கு உடன்பட்டுவிட்டனர். பெரும் வேலைநிறுத்தங்கள் ஓய்ந்தன. 2000ஆம் ஆண்டில் பத்துப் பவுணுக்குக் கைமாறிய கம்பனி 2005 ஏப்ரலில் சரிந்தது; ஏறக்குறைய ஆறாயிரம் பேர் வேலையிழந்தனர். புதிய மாதிரிக் காரொன்றை உருவாக்கும் முதல் அதனிடம் இருக்கவில்லை. அதன் தலைமை நிருவாகிகள் ஐவர் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் நாற்பது மில்லியன் பவுணுக்கு மேற் பெற்றிருந்தமை 2009இல் வெளியான விசாரணை அறிக்கையால் அம்பலமாயிற்று. சங்கம் அடங்கியிருந்த காலத்திலேயே கம்பனி மாண்டது.

எதிர்த்தரப்பின் கையிலுள்ள மிகவும் கூரிய ஆயுதம் பம்பாய் ஆகும். 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் பங்குபற்றினர். தத்தா சாமந்த்தின் தலைமையில் ஓராண்டுக்கு மேல் நீடித்த அப்போராட்டம் முறைப்படி முடிவுறாமலே கரைந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் ஆலை வாசலை மிதிக்கவில்லை. இதனைச் சங்கத்தின் தோல்வியன்று எனச் சொல்பவர் மெய்யை மறைப்பவராவர். பின்வாங்கும் வழியை வகுக்காமல் ஒரு படையை நடத்திச் சென்ற தலைமை அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். எனினும் இரண்டு சங்கதிகள் மறக்கற்பாலனவல்ல. பம்பாய்க் கைத்தொழில் உறவுகள் சட்டத்தின்படி ஒரே ஒரு சங்கம் மாத்திரமே பேரம்பேச உரிமை பெற்றிருந்தது. அச்சங்கத்தைத் தொழிலாளர் நம்பவில்லை. அதனை மாற்றவும் அவர்களுக்கு இலகுவான வழி இருக்கவில்லை. தாம் தேர்ந்த சங்கத்தோடு பேச மறுக்கப்பட்டமையே கோபத்தை வெடிப்பாக்கியது. மற்றையது, ஆலை முதலாளிகள் நெடுங்காலமாகத் தம் இயந்திரங்களைப் புதுப்பிக்காது விட்டிருந்தனர். துணி நெய்வது விசைத்தறி ஊர்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஆலையைவிட ஆலை நின்ற நிலம் பெறுமதி மிக்கதாகி வந்தது. 1991இன் பின்னர் அந்நிலங்களை விற்க விதிகள் இடமளித்தன. இன்று அவ்விடங்களிற் பல அங்காடி மாளிகைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் நிற்கின்றன. நலிந்ததாகச் சொல்லப்பட்ட முதலாளி நலியவில்லை. ஆலை மாத்திரமே நலிந்தது. 'நலிந்த கம்பனி' என்னும் சொற்றொடருக்குள் இவ்விரண்டும் பிரித்தறியப்படாமல் ஒளிந்திருத்தல் கவனத்திற்குரியது.

ஹாவட் பல்கலைக்கழகப் பொருளியலாளராகிய பிரீமனும் மெடொஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்விவாதத்தில் இருதரப்பினராலும் மேற்கோளாக்கப்படுவது. சங்கமுள்ள இடங்களில் தொழிலாளர் வேலையைவிட்டு ஓடுவது குறைவு, உற்பத்தித்திறன் பல கைத்தொழில்களில் உயர்வு என்று அவர்கள் கண்டனர். இலாபம் குறைவென்பதையும் கண்டனர். இலாபத்தின் ஒரு பங்கு கூலியாக மாறுகிறது என்பதே இதன் பொருள். அதற்காகத்தானே சங்கம் அமைக்கப்படுகிறது! இதனை ஒளிக்க வேண்டிய தேவை சங்கத்தின் ஆதரவாளருக்கு இல்லை.

இடருற்ற காலத்தில் சங்கம் விட்டுக்கொடுக்காது என்பதும் பொய். 1980இல் கிறைஸ்லர் கம்பனி அரச கடன் உத்தரவாதம் பெற்றுப் பிழைத்தபோது தொழிலாளர் பல நூறு மில்லியன் டொலர் கூலியையும் சலுகைகளையும் துறந்தனர். சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசர் பணிப்பாளர் சபையில் அமர்ந்தார். 1983இல், தவணைக்கு ஏழாண்டு முந்தியே கடன் தீர்ந்தது. 1993இல் யேர்மனியின் வொக்ஸ்வாகன் ஆலைகளில் வேலைவாரத்தை 28.8 மணித்தியாலமாகச் சுருக்கி, ஊதியக் குறைவையும் ஏற்று, முப்பதினாயிரம் வேலைகளைச் சங்கம் காத்தது. இலங்கையிலும் 2020 மே மாதத்தில், கொள்ளைநோயால் ஆடை ஆலைகள் வெறிச்சோடியிருந்த வேளையில், வேலையின்றி வீட்டிலிருந்தோர்க்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபா, இவற்றுள் கூடியது, என்னும் ஏற்பாட்டுக்குச் சங்கங்கள் முதலாளிமாரோடும் அரசோடும் ஒருமேசையிலிருந்து உடன்பட்டன. அரைச் சம்பளத்தில் வாழ ஒப்பியவரையா ஆலையின் எதிரி என்பது?

இவ்வளவும் கூறியதனால் இந்நாட்டுச் சங்கங்கள் மாசற்றவை என்றாகிவிடாது. 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அதுவரை தொழிலாளரின் பெருந்தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அதனை எதிர்த்து நின்றார். பின்னர் அவரது இயக்கம் மலையாளித் தொழிலாளருக்கெதிரான இனவாதத்திற் சறுக்கியது. அன்று விழுந்த வெடிப்பு முற்றாக மூடப்படவேயில்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழுபேர் சேர்ந்தாற் சங்கம் பதியலாம்; ஆகவே கட்சிக்கொன்று, கட்சி பிளந்தால் பிளவுக்கொன்று எனச் சங்கங்கள் பெருகின. ஆளுங்கட்சியின் சங்கம் வேலைநிறுத்தத்தை உடைக்கும். தேர்தலின் பின் இடம் மாறி எதிரணிச் சங்கம் அதே பணியைச் செய்யும். முதலாளி வர்க்கம் இதைவிட வேறென்ன கேட்கும்? 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நாற்பது வீத அங்கத்துவமுள்ள சங்கத்தோடு பேச மறுப்பதை முறையற்ற செயலாக்கியது. பிளவுண்ட சங்கங்களுக்கு அந்நாற்பது வீதம் எட்டாக்கனியாயிற்று. கட்டுநாயக்கா முதலிய வலயங்களிலோ ஊழியர் சபை என்னும் பதிலி முன்னிறுத்தப்பட்டது.

அச்சபைக்குத் தேநீரின் தரம்பற்றியும் பேருந்தின் நேரம்பற்றியும் பேச இடமுண்டு. 2011 மே மாதத்தில் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் தம் சேமிப்பைத் தொடவிருந்ததை அறிந்த வலயத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். அவர்களோடு முன்கூட்டிப் பேசுவதற்கு வலுவான சங்கம் இருக்கவில்லை, பேசியது துப்பாக்கி. ஓர் இளந்தொழிலாளி மாண்டார், சட்டமூலம் மீளப்பெறப்பட்டது, ஆலைகள் சில நாட்கள் மூடிக்கிடந்தன. அந்நாட்களின் நட்டத்தைச் சங்கத்தின் கணக்கில் எழுத எவராலும் இயலவில்லை.